நடந்து போகிற தூரத்தில் ஓர் இடம்

வணக்கம் நேயர்களே. குடும்பத்தோடு போய் விளையாடவும் சும்மா உட்கார்ந்து பேசவும் வீட்டுப் பக்கத்திலேயே ஓர் இடம் வேண்டும் என்று கேட்டால், "அதான் ஊருக்கு வெளியே பெரிய பூங்கா இருக்கிறதே" என்று பதில் வருகிறது. இருக்கிறது, சரி. ஆனால் அங்கே போக வண்டி வேண்டும், விடுமுறை வேண்டும், வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். மாதம் ஒருமுறை போனாலே பெரிய விஷயம்.

பிள்ளைகளுக்கோ தினமும் வேண்டும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரிளம் பருவத்தினரில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் போதிய அளவு உடலை அசைப்பதில்லை என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. பள்ளி விட்டு வந்து இருட்டுவதற்குள் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில், ஐந்து நிமிட நடையில், அதாவது ஏறக்குறைய 400 மீட்டருக்குள் ஓர் இடம் இருந்தால் பிள்ளை தானாகவே ஓடும். அதைத் தாண்டினால் கூட்டிப்போக ஆள் வேண்டும், ஆள் இல்லாத வீட்டில் போன்தான் கைக்கு வரும்.

இதற்குப் பெரிய நிலமும் தேவையில்லை. 1947-ல் ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சியில் வேலை பார்த்த ஆல்டோ வான் எய்க் என்ற இளம் கட்டடக் கலைஞர், வீடுகளுக்கு நடுவே ஒரு சின்னச் சதுக்கத்தில் மணல் தொட்டி, தாவிக் குதிக்கச் சில கற்கள், தலைகீழாகத் தொங்கக் கம்பிகள், பெரியவர்களுக்கு பெஞ்சுகள், இவ்வளவுதான் வைத்தார். எங்கள் பக்கத்துக்கும் வேண்டும் என்று மக்கள் கேட்கக் கேட்க, அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த நகரில் எழுந்தவை 700-க்கும் மேல்! பல இடங்கள் கட்டடம் இடிந்து குப்பை சேர்ந்து கிடந்த காலி மனைகள்.

அந்த பெஞ்சுகளைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். குழந்தைக்குச் சறுக்குமரம் போட்டுவிட்டு, தாத்தாவுக்கு உட்கார நிழல் இல்லையென்றால் இரண்டு பேருமே பத்து நிமிடத்தில் வீடு திரும்பிவிடுவார்கள். பெஞ்சு விளையாடுகிற பக்கம் பார்த்து இருக்க வேண்டும், கை ஊன்றி எழுந்திருக்க அதில் பிடி இருக்க வேண்டும், சக்கர நாற்காலி படி ஏறாமல் உள்ளே வர வேண்டும், அப்புறம் சுத்தமான கழிப்பறை. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்களும் வயதானவர்களும் எவ்வளவு நேரம் இருப்பார்கள், சொல்லுங்கள்? சாயங்காலம் விளக்கு எரியாவிட்டால் வளர்ந்த பெண்பிள்ளைகளை வீட்டில் அனுப்பவும் மாட்டார்கள்.

சத்தம் வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பந்து விளையாடுகிற இடத்தை ஜன்னல்களிலிருந்து தள்ளி வைத்து, இரவு மூடும் நேரத்தை அவர்களையும் கேட்டே முடிவு செய்யலாம். எனக்குப் பெரிய கவலை பராமரிப்புதான், ஏனென்றால் திறப்பு விழாவுக்குக் கிடைக்கிற பணம் அறுந்த ஊஞ்சல் சங்கிலியை மாற்றக் கிடைப்பதில்லை. அதனால் கட்டும் செலவோடு ஆண்டுச் செலவையும், பார்த்துக்கொள்ளப் போவது யார் என்பதையும் முதல் நாளே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

உங்கள் பகுதியில் பொது நிலம் எது காலியாக இருக்கிறது என்று விசாரியுங்கள். அடுத்த குடியிருப்போர் கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போய், அவர்களுக்கு என்ன வேண்டுமென்று அவர்களையே சொல்ல வையுங்கள். வரைபடம் போடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும், போட்ட பிறகு ஒரு பெஞ்சை நகர்த்துவதுகூடக் கஷ்டம். நன்றி, வணக்கம்.