சொல்லி முடிக்க 475 நாள்

(சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு நூலகக் கூடத்தில், ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

பின்வரிசைக்குக் கேட்கிறதா? சரி, ஆரம்பிக்கலாம்.

சதுரங்கக் கட்டத்தில் அரிசி வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நான்கு, எட்டு. 64 கட்டத்துக்கும் சேர்த்தால் 2-இன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. ராஜா திவாலானார் என்பதோடு கதையை விட்டுவிடுகிறோம். எனக்கு அதற்குப் பிறகுதான் சுவாரசியம். அந்த அரிசியைப் பங்கு போட முடியுமா? தாராளமாக. மூன்று பேருக்கும் பிரிக்கலாம், ஐந்து பேருக்கும் பிரிக்கலாம், ஒரு மணி மிஞ்சாது. ஐந்தாம் கட்டத்தோடு நிறுத்தியிருந்தால்? 31 மணி. ஆளுக்கு ஒன்று என்று 31 பேருக்குக் கொடுக்கலாம், அல்லது ஒருவரே அள்ளிக்கொண்டு போகலாம். வேறு வழியில்லை. பகா எண் என்றால் இவ்வளவுதான்.

2, 3, 5, 7 கட்டங்களில் நிறுத்தினால் 3, 7, 31, 127 வரும். நான்கும் பகா எண்கள். கட்டங்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால்தான் இந்த வாய்ப்பே உண்டு. இருந்தாலும் உத்தரவாதம் கிடையாது: 11 கட்டத்தில் 2047 வருகிறது, அது 23 பெருக்கல் 89. தேறுகிறவற்றுக்கு, 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் இருந்த ஒரு துறவியின் பெயரால், மெர்சென் பகா எண்கள் என்று பெயர். இதுவரை 52 அகப்பட்டிருக்கின்றன.

அந்த 52-ஆவது, 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்பவர் கண்டுபிடித்தது. கட்டங்கள் 13,62,79,841. மொத்த அரிசியின் எண்ணிக்கையை எழுதினால் 4,10,24,320 இலக்கங்கள். வினாடிக்கு ஒன்றாகச் சோறு தண்ணீர் இல்லாமல் சொன்னால் 475 நாள். 8816 என்று தொடங்கும். கடைசி இலக்கத்தை நீங்களே சொல்லிவிடலாம்: 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று முடிந்து சுற்றிச் சுற்றி வரும். 13,62,79,841-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே அடுக்கு 2-இல் முடியும், ஒன்று குறைத்தால் 1.

வங்கிச் செயலியின் ரகசியப் பூட்டுக்குப் பகா எண்கள் வேண்டும்தான், ஆனால் இவ்வளவு பெரியது உதவாது. அங்கே சில நூறு இலக்கம் போதும்.

இவ்வளவு பெரிய எண் பகா எண்தான் என்று எப்படித் தெரிந்தது? பலகையைப் பாருங்கள். 31-ஐ எடுத்துக்கொள்வோம். 4-இல் தொடங்குகிறேன். வர்க்கம் எடு, 2 கழி, 31-ஆல் வகுத்து மீதியை வை. 4-இன் வர்க்கம் 16, இரண்டு போனால் 14. 14-இன் வர்க்கம் 196, இரண்டு போனால் 194, மீதி 8. எட்டின் வர்க்கம் 64, இரண்டு போனால் 62, மீதி பூஜ்யம். கட்டம் ஐந்து, அதில் இரண்டு குறைத்து மூன்றே தடவை. பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. லூகாஸ்–லேமர் சோதனை என்பது இதுதான். எதனால் வகுபடும் என்று நான் தேடவே இல்லை, கவனித்தீர்களா? அந்த ராட்சத எண்ணையும் இதே சோதனையால்தான் உறுதி செய்தார்கள், 13,62,79,839 தடவை வர்க்கம் எடுத்து. எனக்கு அந்த எண்ணைவிட இந்தச் சோதனைதான் பிடிக்கும்.

இந்தச் சோதனைக்கு மெர்சென் எண்கள் மட்டும்தான் வசப்படும். அதனால்தான் சாதனைப் பட்டியலில் அவையே முன்னால் நிற்கின்றன.

நம்ம ஊர் துறைமுகத்தில் 1912-இல் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் ராமானுஜன். ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் நடுவில் ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்பதற்கு, 1919-இல் இரண்டே பக்கத்தில் நிரூபணம் கொடுத்தார். ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவ் முன்பே நிரூபித்ததுதான், ஆனால் இவருடையது எளிது. ஆகவே நம் எண்ணுக்கு மேலேயும் ஒன்று நிச்சயம் உண்டு. அந்த வட்டாரத்தில் சராசரியாக 9.4 கோடி எண்களுக்கு ஒன்று பகா எண். இரட்டிப்பு வரை போகவே வேண்டாம், அடுத்தது அநேகமாக இதே தெருவில்தான் இருக்கிறது. கதவு எண்தான் யாருக்கும் தெரியாது.

அந்த மூன்றாம் வரிசைத் தம்பி ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். கேளுங்க தம்பி.