ஆர்லாண்டோ போகிறோம், எந்த லென்ஸை எடுத்துப்போவது? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் நேயர் ஒருவர் அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்.

"அண்ணா, ஜூலையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். அவர்களையும் பிள்ளைகள் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்கு நான்கு நாள் போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, சக்கர நாற்காலி எடுப்போம். என்னிடம் நிக்கான் டி5600 கேமரா இருக்கிறது. அதோடு வந்த 18-55, பிறகு வாங்கிய 70-300, இரண்டு லென்ஸ்கள். இருட்டுச் சவாரிகளுக்குள் என் படங்கள் எல்லாம் கலங்கிப்போகின்றன. 24-70 எஃப் 2.8 வாங்கிவிடலாமா? கோட்டையை எடுக்க அகலக் கோண லென்ஸ் ஒன்றும் வேண்டுமா?"

இரண்டையும் வாங்காதீர்கள் தம்பி. காரணத்தைச் சொல்கிறேன்.

லென்ஸின் பெயரில் வரும் 18-55, 24-70 எல்லாம் மி.மீ. கணக்கு. எண் சிறிதானால் அகலமான காட்சி அடங்கும், பெரிதானால் தூரத்தில் இருப்பது நெருங்கி வரும். 24-70 நல்ல லென்ஸ்தான், ஆனால் பெரிய சென்சார் (ஒளி விழும் சில்லு) உள்ள கேமராவுக்காகச் செய்தது. உங்கள் சென்சார் சிறியது, எந்த எண்ணையும் ஒன்றரையால் பெருக்கிப் பார்க்க வேண்டும். 24 என்பது 36 ஆகிவிடும், படத்தில் அடங்கும் காட்சி குறுகிவிடும். உணவு மேசையில் எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் வீட்டார் ஐந்து பேரும் படத்துக்குள் வர, நீங்கள் நாற்காலியை அடுத்த மேசை வரைக்கும் தள்ள வேண்டியிருக்கும். எடையையும் பாருங்கள். அதிர்வுக் கட்டுப்பாடு உள்ள நிக்கான் 24-70, 1070 கிராம். உங்கள் கையில் இருக்கும் 18-55, 205 கிராம். மத்தியான வெயிலில், தூங்கிப்போன பிள்ளை ஒரு தோளில், இந்த ஒரு கிலோ இன்னொரு தோளில். இரண்டாம் நாள் நீங்களே அதை விடுதி அறையில் வைத்துவிட்டுப் போவீர்கள்.

சரி, படம் ஏன் கலங்குகிறது? இதோ, உங்களிடம் இருக்கும் அதே லென்ஸ். முன் விளிம்பில் பொடி எழுத்தில் 3.5-5.6 என்று போட்டிருக்கிறது, தெரிகிறதா? இதுதான் எஃப் எண், இது ஏற ஏற ஒளி நுழையும் வாசல் சிறிதாகும். 18இல் வைத்தால் 3.5 வரை திறக்கும். ஜூம் செய்யச் செய்ய வாசல் குறுகிக்கொண்டே போகும். 35க்கு வரும்போது 4.5, கடைசி 55இல் 5.6. இருட்டில் இது சாவித் துளை வழியாக அறைக்குள் எட்டிப்பார்ப்பது போல.

இப்போது இதைப் பாருங்கள். நிக்கானின் 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ், உங்களுடையது போன்ற சிறிய சென்சாருக்கான லென்ஸ். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, 200 கிராம். ஜூம் கிடையாது. ஆனால் அதே 35இல் உங்கள் லென்ஸ் விடுவதைப்போல ஆறு மடங்கு ஒளியை விடும். நீங்கள் ஆசைப்படும் 2.8ஐவிடவும் இரண்டு மடங்குக்கு மேல். விலையோ அதன் பக்கத்தில்கூட வராது. பழைய லென்ஸ் விற்கும் நல்ல கடைகளில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். வாங்குவதானால் இதை வாங்குங்கள்.

கரீபியன் கடற்கொள்ளையர் சவாரியையே எடுத்துக்கொள்வோம். படகு நகர்கிறது, பொம்மையும் கையை ஆட்டுகிறது. அதிர்வுக் கட்டுப்பாடு உங்கள் கை நடுக்கத்தைத் தடுக்குமே தவிர, பொம்மையின் கையைப் பிடித்து நிறுத்தாது. ஷட்டர் வேகம் ஒன்றுதான் வழி. உங்கள் 18-55 லென்ஸை 35இல் வைத்து வினாடியில் 10இல் ஒரு பங்கு கிடைக்கும் இடத்தில், இந்த 35 மி.மீ. லென்ஸில் 60இல் ஒரு பங்கு கிடைக்கும். கேமரா ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவைத் தயங்காமல் 6400 வையுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் தெரியட்டும். புள்ளி உள்ள படத்தை வீட்டில் மாட்டலாம், கலங்கிய படத்தை என்ன செய்வது?

லென்ஸ் வாங்கினால் மட்டும் போதாது. கேமராவைப் பச்சை ஆட்டோவில் விட்டீர்களானால், இருட்டைப் பார்த்ததும் ஃபிளாஷ் தானாகத் தலையைத் தூக்கிக்கொள்ளும். இருட்டுச் சவாரிகளில் ஃபிளாஷுக்குத் தடை, படகில் உள்ள அத்தனை பேரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே கேமராவின் மேல் உள்ள சக்கரத்தைத் திருப்பி, ஃபிளாஷ் தானாக எழாத 'ஏ' அல்லது 'எம்' நிலைக்கு மாற்றுங்கள். அதோடு, ஃபோகஸுக்கு உதவ முன்பக்கம் எரியும் சிறிய விளக்கு ஒன்று இருக்கிறது. மெனுவுக்குள் போய் அதையும் அணையுங்கள். எடுத்த படம் பின் திரையில் தானாக வருவதையும் நிறுத்துங்கள். இந்த மூன்றையும் வீட்டிலேயே செய்துவிட்டுப் போங்கள், வரிசையில் நின்று தேடாதீர்கள்.

பேய் மாளிகையில் ஃபிளாஷ் தடையோடு வேறொரு விஷயமும் இருக்கிறது. நடன அறையில் உருவங்கள் ஊடுருவித் தெரியும்படி சுழலும் பாருங்கள், அவை உங்களுக்கு எதிரே இல்லை. நாம் போகும் பாதைக்கு மேலும் கீழும் ஒளிந்திருக்கும் பொம்மைகளின் பிம்பம் பெரிய கண்ணாடியில் விழுகிறது. 1862இல் லண்டனில் பெப்பர் என்பவர் மேடையில் காட்டிய அதே வித்தை. அங்கே ஃபிளாஷ் அடித்தால் கண்ணாடியில் உங்கள் ஒளிதான் திரும்பி வரும். பேய் வராது. எனக்கு அந்தச் சவாரியில் படம் எடுப்பதைவிட அந்தக் கண்ணாடியின் விளிம்பைத் தேடுவதில்தான் ஆசை. இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்து கோட்டை. சின்ட்ரெல்லா கோட்டையின் உயரம் 189 அடி. பார்க்க இன்னும் உயரமாகத் தோன்றும், ஏனென்றால் மேலே போகப்போகக் கற்களையும் சன்னல்களையும் வேண்டுமென்றே சிறிதாக்கிக் கட்டியிருக்கிறார்கள். அகலக் கோண லென்ஸோடு அடியில் போய் நின்று அண்ணாந்து எடுத்தால் கோட்டை பின்னால் சாய்ந்துபோகும், முன்னால் நிற்கும் அம்மாவின் தலையும் நீண்டுபோகும். நேர்மாறாகச் செய்யுங்கள். வாசலிலிருந்து கோட்டையை நோக்கிப் போகும் மெயின் ஸ்ட்ரீட் தெருவின் தொடக்கத்தில், ரயில் நிலையப் பக்கம் வந்து நின்று உங்கள் 18-55ஐ 55இல் வையுங்கள். வீட்டாரைத் தெருவில் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள். கோட்டை நெருங்கி வந்து அவர்கள் தோளுக்குப் பின்னால் நிற்கும். ஒரு காசு செலவில்லை.

70-300ஐ ஒரே ஒரு நாள் எடுத்தால் போதும், டிஸ்னியின் விலங்குப் பூங்காவான அனிமல் கிங்டம் போகும் நாள். கிளிமஞ்சாரோ சஃபாரியில் திறந்த லாரியில் ஏறத்தாழ 18 நிமிடம் சுற்றிக் காட்டுவார்கள். காலையில் கதவு திறந்ததும் முதல் வேலையாக அங்கே போங்கள். வெயில் ஏறிவிட்டால் சிங்கம் பாறை மேல் படுத்துத் தூங்கும், உங்களுக்கு முதுகுதான் கிடைக்கும். பாதையை வேண்டுமென்றே மேடுபள்ளமாக வைத்திருக்கிறார்கள். முழங்கையைக் கம்பியில் ஊன்றாதீர்கள், லாரியின் நடுக்கம் முழுவதும் கேமராவுக்கு ஏறும். ஷட்டரை 1000இல் ஒரு பங்குக்கு வையுங்கள். ஏறும் முன்பே லென்ஸை மாட்டிவிடுங்கள், தூசியில் மாற்ற வேண்டாம். ஒட்டகச்சிவிங்கி லாரிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டால் 300இல் அதன் ஒரு கண்தான் அடங்கும். அப்போது மனைவியிடம் சொல்லுங்கள், போனில் எடுக்கட்டும்.

ஜூலை என்றீர்கள். அதனால் பனி படிவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் முதல் முறை ஃபுளோரிடா போனபோது, இரவு முழுவதும் ஏசி அறையில் வைத்திருந்த கேமராவோடு காலை ஏழு மணிக்கு வெளியே வந்தேன். அரை நிமிடத்தில் லென்ஸ் பால் கிளாஸ் மாதிரி வெளுத்துவிட்டது. சட்டை நுனியால் துடைத்தேன், மறுபடி படிந்தது. அவசரத்தில் லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன் பாருங்கள், அதுதான் முட்டாள்தனம். ஈரக்காற்று உள்ளே போய்ப் பின்பக்கக் கண்ணாடியிலும் படிந்துவிட்டது. பிள்ளைகள் வாசலில் ஓடிப்போன முதல் படம் எங்கள் வீட்டில் இன்றுவரை இல்லை. நீங்கள் கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். கிளம்புவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் பால்கனியில் நிழலாக வையுங்கள். பனி பையின் மேல் படியும், லென்ஸ் மேல் படியாது. அதே பை மதிய மழைக்கும் உதவும். ஜூலையில் பிற்பகல் இடிமழையை எதிர்பார்த்தே போங்கள்.

நனையும் சவாரிகளுக்குக் கேமராவோடு ஏறவே வேண்டாம். அப்பா அம்மா எப்படியும் கீழேதான் உட்கார்ந்திருப்பார்கள். டியானாஸ் பேயூ அட்வென்ச்சர் என்ற தண்ணீர்ச் சவாரியில் படகு விழும் இடம் வெளியிலிருந்தே தெரியும். பிள்ளைகளை மனைவியோடு அனுப்பிவிட்டு நீங்கள் கீழே நின்றால், அந்த முகங்கள் 55இலேயே கிடைக்கும்.

நீங்களும் ஒரு படத்திலாவது இருக்க வேண்டுமே? பூங்காவில் ஃபோட்டோபாஸ் என்ற டிஸ்னியின் சொந்தப் படக்காரர்கள் நிற்பார்கள். கேட்டால் உங்கள் கேமராவிலும் எடுத்துத் தருவார்கள். அவர்களிடம் கொடுக்கும்போது 18-55ஐ மாட்டிக் கொடுங்கள்.

வாணவேடிக்கைக்குச் செல்ஃபி குச்சியை நம்ப முடியாது, 2015 முதல் அதற்குத் தடை. பைக்குள் அடங்கும் சிறிய முக்காலிக்கு அனுமதி உண்டு. 18-55, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, மூன்று வினாடி. கூட்டத்தில் முக்காலி விரிக்க இடம் இல்லையென்றால் குப்பைத்தொட்டியின் மேல் வைத்து எடுங்கள், நான் அப்படித்தான் எடுத்தேன்.

கடைசியாக, அம்மாவின் சக்கர நாற்காலி. கேமராப் பையை அதன் பின் கைப்பிடியில் மாட்டத் தோன்றும், எல்லோரும் செய்வதுதான். அம்மா எழுந்ததும் முன்னால் இருந்த எடை போய்விடும், பையோடு நாற்காலி பின்னால் கவிழும். பையை அம்மாவின் மடியில் வையுங்கள், இல்லையென்றால் நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள். 18-55உம் 35உம் சேர்த்து 405 கிராம்தானே.