தாளில் கட்டிய சங்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

எருக்கூர் என்றதும் நம் பக்கத்தில் யாருக்கும் நவீன அரிசி ஆலைதான் ஞாபகத்துக்கு வரும். சீர்காழிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் வந்து போகிற ஊர். 1889ல் அந்த ஊரில் பிறந்தவர் நீலகண்ட பிரம்மச்சாரி. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். ஆனால் அதைத் தொடர்ந்து வந்த சதி வழக்கில் முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் ஆள், இந்த எருக்கூர்க்காரர். சுட்ட அன்று அவர் மணியாச்சியிலேயே இல்லை. பிறகு எப்படி அவர் முதல் எதிரி ஆனார்?

இதற்குப் பதில் வீரத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. வெள்ளையரை எதிர்த்து அவர் ஆள் சேர்த்த ரகசியச் சங்கம் தாளால் கட்டப்பட்டது. பத்திரிகை, துண்டுப் பிரசுரம், சத்தியத் தாள், கடிதம் என்று எல்லாமே தாள்தான். அது உடைந்ததும் தாளால்தான். உளவாளியின் சாமர்த்தியம் என்று நாம் கேட்டு வளர்ந்த கதைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

முதலில் பத்திரிகையை எடுத்துக்கொள்வோம். 1867ஆம் வருஷத்து அச்சகச் சட்டப்படி, எந்தப் பத்திரிகைக்கும் பொறுப்பாளர் ஒருவர் மாஜிஸ்திரேட் முன்னால் போய்த் தன் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அச்சடித்த ஒவ்வொரு தாளிலும் அச்சுக்கூடத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். அரசாங்கம் எழுத்தைத் தடுக்கவில்லை. எழுத்துக்கு ஒரு கழுத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். 1908ல் 'இந்தியா' பத்திரிகைமீது வழக்கு வந்தபோது நடந்தது இதுதான். எழுதியவர் பாரதி. ஆசிரியர் என்று பெயர் பதிந்திருந்தவர் சீனிவாசன். சிறைக்குப் போனவர் சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்குப் போனார், அச்சு யந்திரமும் பின்னாலேயே போயிற்று.

புதுச்சேரி ஏன் என்று நம் பகுதி நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காரைக்கால் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வாய்க்காலைத் தாண்டினால் வேறு சட்டம், வேறு வரி, வேறு போலீஸ். இன்றைக்கு அந்த எல்லையில் பிடிபடுவது பாட்டில் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அன்று அரசாங்கம் பயந்தது காகிதத்துக்கு. பிரெஞ்சு எல்லைக்குள் இருக்கிறவனை அரசியல் குற்றத்துக்காகப் பிடித்துக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. ஆகவே எழுதலாம், அச்சடிக்கலாம். நீலகண்டரும் அங்கிருந்து 'சூரியோதயம்' பத்திரிகையை நடத்தினார்.

சிக்கல் அடுத்த படியில் இருந்தது. அச்சடித்தது புதுச்சேரியில், படிப்பவன் கும்பகோணத்தில், மாயவரத்தில், திருச்சியில். நடுவில் தபால். தபாலில் வரும் கட்டை நிறுத்திப் பிரிக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் தந்தது 1910 பிப்ரவரியில் வந்த பத்திரிகைச் சட்டம். புதிதாக அச்சகம் வைக்கிறவர் 500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய் வரை ஜாமீன் கட்ட வேண்டும் என்றதும் அதே சட்டம்தான். ஜாமீன் தொகை பிரெஞ்சு எல்லைக்குள் செல்லாது, ஆனால் தபால் தடை செல்லும். வாரப் பத்திரிகை என்பது சந்தாவில் ஓடுவது. இதழ் போய்ச் சேராவிட்டால் மணியார்டரும் வராது. 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றது. ஆசிரியரைத் தொட முடியாத அரசாங்கம் தபால்பையைத் தொட்டு அதை முடித்துவிட்டது.

தபால் போனால் மிச்சம் ரயில்தான். விருத்தாசலம் வழியாகப் போகிற கார்டு லைன் அப்போது கிடையாது. புதுச்சேரியிலிருந்து தெற்கே போகிறவர் விழுப்புரத்தில் வண்டி மாறி, கடலூர், சிதம்பரம், கொள்ளிடம் பாலம், சீர்காழி, மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று நம் மெயின் லைனில்தான் போயாக வேண்டும். நம் காவிரிப் படுகை அன்று ஒரு நடைக்கூடம். மடியில் ஒரு கட்டுத் தாளோடு போகிறவனுக்கு ஒவ்வொரு சந்திப்பும் கண்டம்தான்.

இங்கே ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் இரண்டு பிரசுரங்கள் ரகசியமாகச் சுற்றின. ஒன்று ஆரியர்களுக்குப் புத்திமதி சொல்வது, மற்றொன்று அபிநவ பாரத சமாஜம் என்ற ரகசியச் சங்கத்தில் சேர்வதற்கான பிரமாணம். புரட்சிச் சதிகளை விசாரிக்க அரசாங்கம் போட்ட ரௌலட் குழுவின் 1918ஆம் வருஷத்து அறிக்கை இரண்டையும் குறிப்பிடுகிறது. அச்சுக்கூடத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பிரங்கி நாசினி அச்சுக்கூடம்' என்று போட்டிருந்தார்கள். பிரங்கி என்றால் பரங்கி, வெள்ளைக்காரன். சட்டம் கேட்கிற வரியைக் கேலியாகவே நிரப்பியிருக்கிறார்கள். எனக்கு இந்தக் குறும்பு பிடிக்கும்.

ஆனால் பெயரை மறைத்தால் அச்சகம் மறைந்துவிடாது. ஈய எழுத்துக் காலத்தில் வேலை பார்த்த எந்தக் கம்பாசிட்டரைக் கேட்டாலும் சொல்வார். ஓர் அச்சகத்தின் எழுத்து நாளாக ஆகத் தேயும். ஒரு 'ழ'வின் கால் ஒடிந்திருக்கும், ஒரு 'கு'வின் சுழி நசுங்கியிருக்கும். வேலை முடிந்ததும் எழுத்தைப் பிரித்து மறுபடி அந்தந்த அறையில் போடுவார்கள். ஒடிந்ததும் உள்ளே போய், அடுத்த வாரம் வேறொரு கல்யாணப் பத்திரிகையில் தலை காட்டும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தாய் ஒன்றுதான் என்று தெரிந்துவிடும். மற்றபடி சிறு பிரசுரம் போடுவது பெரிய காரியமில்லை. டெம்மி தாள் ஒன்றை இரண்டு பக்கமும் அடித்து மூன்று முறை மடித்தால் 8 இலை, 16 பக்கம். மடித்தது சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது சத்தியம். நீலகண்டர் 1910ல் தெற்கே சுற்றுப்பயணம் போய் ஆள் சேர்த்தார். தென்காசியில் மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளையின் வீட்டில் நடந்த சடங்கை அப்ரூவர், அதாவது மன்னிப்பு வாங்கிக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய கூட்டாளி, பிறகு நீதிமன்றத்தில் விவரித்தார். காளி படம் வைத்து, விபூதியும் பூவும் வைத்து, தாள்களின் தலைப்பில் வந்தே மாதரம் எழுதினார்கள். குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்து, வெள்ளையர் ரத்தம் என்று எண்ணிக் குடித்தார்கள். கத்தியால் கட்டை விரலைக் கீறி, அந்த ரத்தத்தால் தாளில் ரேகை வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபெயர் சூட்டப்பட்டது.

உணர்ச்சியாகப் பார்த்தால் உடல் சிலிர்க்கும். ஆனால் ரகசியச் சங்கத்தின் வேலையாகப் பார்த்தால் ஒரே சடங்கில் மூன்று பிழை. கைரேகையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் அலுவலகம் கல்கத்தாவில் 1897லேயே வந்துவிட்டது. பெயரை மாற்றிவிட்டு ரேகையைப் பதிப்பது, வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசலிலேயே தொங்கவிடுவது போல. இரண்டாவது, எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்தது. புனைபெயர் காதுக்குத்தான், முகம் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. ஒருவன் வாய் திறந்தால் அறை முழுவதும் போச்சு. மூன்றாவது, ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவர் ஒருவரே என்பதால் எல்லா இழையும் அவர் கையில் வந்து முடிந்தது. அச்சாணி ஒன்று, ஆரம் பல. முதல் எதிரி யார் என்பது அந்த அமைப்பிலேயே எழுதியிருந்தது.

1911 ஜனவரியில் வாஞ்சி மூன்று மாத விடுப்பு எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனார். அவர் திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர். லண்டனிலிருந்து தப்பி வந்து புதுச்சேரியில் இருந்த வ.வே.சு. ஐயரின் பழக்கம் அங்கே அவருக்குக் கிடைத்தது. ஐயரும் நம்மவர்தான், திருச்சி வரகனேரி. இதிலும் ஒரு தாளைக் கவனியுங்கள்: சர்க்கார் ஊழியனின் விடுப்பு மனு. எப்போது ஊரில் இல்லை என்பதற்கு அவரே எழுதிக் கொடுத்த சாட்சியம்.

ஜூன் 17 பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது உங்களுக்குத் தெரிந்த கதை. திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டி 10.38க்கு மணியாச்சியில் நின்றது, போட் மெயில் ரயில் 10.48க்கு வர வேண்டும். தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காகக் காத்திருந்த அந்தப் பத்து நிமிஷத்துக்குள் வாஞ்சி முதல் வகுப்புப் பெட்டியில் ஏறி, பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷைச் சுட்டுவிட்டு, நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஐந்தாம் நாள், ஜூன் 22ல், லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா.

அவர் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. ஜார்ஜ் மன்னன் இந்த மண்ணில் கால் வைத்ததும் கொல்வதென 3,000 மதராசிகள் சபதம் எடுத்திருப்பதாக அதில் எழுதியிருந்தார். பிடிபட்டு வழக்கில் நின்றவர்கள் 14 பேர். மிரட்டலுக்காக எழுதிய எண் தேடுதல் வேட்டையைத்தான் பெரிதாக்கிற்று. கடிதம் சனாதன தர்மத்தைப் பற்றியும் மிலேச்சனைப் பற்றியும் பேசுகிறது. நெல்வயலில் வேலை செய்தவனைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. தியாகத்தை மதிக்கிறவர்களும் இந்தக் குறையை மூடி மறைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

இனி வழக்கு. வாஞ்சியின் வீட்டைச் சோதனை போட்டார்கள், கடிதங்கள் கிடைத்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டப்பிடாரம் ஆறுமுகம் பிள்ளையிடம் போனார்கள். அவரும் சோமசுந்தரம் பிள்ளையும் அப்ரூவர் ஆனார்கள். தர்மராஜ ஐயர், வெங்கடேச ஐயர் இருவரும் போலீஸ் கையில் சிக்காமல் தற்கொலை செய்துகொண்டார்கள். நீலகண்டர் கல்கத்தாவில் கைதானார்.

இந்த இடத்தில் சட்டத்தின் ஒரு நுணுக்கத்தைப் பார்க்க வேண்டும். குற்றத்தில் கூட இருந்தவன் மன்னிப்பு வாங்கிக்கொண்டு சொல்லும் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க நீதிமன்றங்கள் தயங்கும். தன் தலை தப்பப் பிறர் தலையைக் கொடுக்கிறவன் ஆயிற்றே. அவன் சொல்வதை முக்கியமான அம்சங்களில் ஒத்துக் காட்டும் வேறு ஆதாரம் வேண்டும். அந்த வேறு ஆதாரமாக வந்து நின்றவைதான் கடிதங்களும் மற்றக் காகிதங்களும். அப்ரூவர் வாய்ச்சொல் வெறும் எலும்பு, தாள்தான் அதற்குச் சதை போட்டது. படித்ததும் கிழித்துப் போட்டிருந்தால் அரசுத் தரப்பு நிறையத் திணறியிருக்கும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட், நீதிபதி எயிலிங், நீதிபதி சங்கரன் நாயர் ஆகிய மூவர் விசாரித்தார்கள். எதிரிகளுக்காக வாதாடியவர்களில் தங்குதூரி பிரகாசமும் ஒருவர். 1912 பிப்ரவரியில் தீர்ப்பு. அரசனுக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்ததாக, தண்டனைச் சட்டம் 121அ பிரிவின் கீழ் நீலகண்டருக்கு 7 ஆண்டு கடுங்காவல். வாஞ்சியோடு மணியாச்சிக்குப் போனதாகச் சொல்லப்பட்ட சங்கரகிருஷ்ண ஐயருக்கு 4 ஆண்டு. மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு.

நீலகண்டர் வெளியே வந்தது 1919ல். 1922ல் மறுபடி கைது, இந்த முறை 10 ஆண்டுத் தண்டனை, 1930ல் விடுதலை. அதன் பிறகு அரசியல் பக்கம் வராமல் மைசூர் ராஜ்யத்து நந்தி மலை அடிவாரத்தில் போய்த் தங்கிவிட்டார். தென்காசியில் மற்றவர்களுக்குப் புனைபெயர் சூட்டியவரை அந்தச் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் ஓம்கார் சுவாமி என்றார்கள். அந்தப் பெயரிலேயே 1978ல் காலமானார்.

வணக்கம்.