ராமரிடம் கணக்குக் கேட்டவர்

(செகந்திராபாத்தில் எங்கள் சங்கத்து ராமநவமி விழாவில் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியிருக்கிறேன், மேடை வாடை கொஞ்சம் அடிக்கும்.)

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, ஒரு ராமநவமி தவறாமல் முதல் வரிசைக்கு வந்துவிடும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே (உங்கள் முன்னால் நின்றால் எனக்கு இப்போதும் கூண்டில் நிற்கிற மாதிரிதான் இருக்கிறது), செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே, விடியற்காலையில் எழுந்து பானகம் கரைத்து வடபப்புக்குப் பாசிப்பருப்பு ஊறவைத்த சகோதரிகளே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய துணைத் தலைவருக்குத் தனி நன்றி. போன வருஷம் போர்த்தியதே திரும்ப வந்த மாதிரி இருக்கிறது, சிக்கனம் நல்லதுதான். பொருளாளரை இன்றைக்கு இரண்டு மூன்று தடவை இழுப்பேன், அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

பத்ராசலத்தைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். கோயில், பாட்டு, ராகம். இருபது நிமிஷம் என்று சீட்டு கொடுத்திருக்கிறார்கள்.

கோயில் உங்களுக்கே தெரியும். கோதாவரிக் கரை. அங்கே ராமருக்கு நான்கு கை, சங்கு சக்கரம் உண்டு, சீதை மடியில். வைகுண்ட ராமர் என்பார்கள். இன்றைக்கு மத்தியானம் இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் டிவியில் அந்தக் கல்யாணம்தான் ஓடியிருக்கும். அரசாங்கத்திலிருந்து பட்டும் முத்துத் தலம்பிராலும், அதாவது முத்து கலந்த கல்யாண அட்சதையும், போகிறதே, அந்த வழக்கத்தை ஆரம்பித்தவர் கோல்கொண்டா நவாப் என்றுதான் சொல்கிறார்கள். அபுல் ஹசன் குதுப் ஷா, நம் வாயில் தானிஷா. 1672 முதல் 1687 வரை ஆண்டார், கடைசி சுல்தான்.

அவரிடம் தாசில்தாராக இருந்தவர் கஞ்சர்ல கோபன்னா, நாம் ராமதாசர் என்கிறோமே, அவர்தான். வரி வசூல் பண்ணிக் கஜானாவில் கட்ட வேண்டியவர், வசூலானதைக் கோயிலில் போட்டுவிட்டார். ஆறு லட்சம் என்பது கர்ண பரம்பரைக் கணக்கு. மந்திரி மாதன்னா சொந்த மாமாதான், ஆனாலும் காப்பாற்ற முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் சிறை. இங்கிருந்து பஸ் ஏறினால் கோட்டையில் அந்த அறையைப் பார்க்கலாம், சுவரில் உருவங்கள் செதுக்கியிருக்கும். அப்புறம் ஒரு ராத்திரி ராமோஜி, லக்ஷ்மோஜி என்று இரண்டு பேர் நவாபை எழுப்பிப் பணத்தைக் கொட்டி, ரசீதும் கேட்டு வாங்கி, அதைக் கோபன்னா தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனதாகக் கதை. பொருளாளர் கவனிக்க வேண்டும், ராமரே ரசீது இல்லாமல் பணம் கட்டவில்லை.

எனக்குப் பிடித்தது அந்த ராத்திரி இல்லை, அதற்கு முந்தைய பன்னிரண்டு வருஷம். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று என் அம்மா சொல்லுவாள். ராமதாசர் சும்மா அழவில்லை. கணக்குச் சொல்லி அழுதார். இக்ஷ்வாகு குல திலகா என்று ஆரம்பிக்கிற கீர்த்தனை, யதுகுல காம்போதியில் பாடுவோமே, அதை எடுத்துப் பாருங்கள். பரதனுக்குப் பச்சைக்கல் பதக்கம், பத்தாயிரம் வராகன். சத்ருக்னனுக்குத் தங்க அரைஞாண், பத்தாயிரம் மொகரி, அதுவும் பொற்காசுதான். லக்ஷ்மணனுக்கு முத்துப் பதக்கம். சீதைக்குப் புளிய இலை மாதிரி ஒரு பதக்கம், அதற்கும் பத்தாயிரம். இது பாட்டா, ஆடிட் ரிப்போர்ட்டா? கடைசியில் உன் அப்பா தசரதன் கொடுத்தாரா, மாமனார் ஜனகன் அனுப்பினாரா, எவன் அப்பன் வீட்டுச் சொத்து என்று குலுக்கிக்கொண்டு திரிகிறாய் என்று கேட்டுவிட்டார். இதற்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், நம் வீட்டிலும் அப்பன் வீட்டுச் சொத்து என்றுதான் திட்டுகிறோம்.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. அப்பா கைப்பட எழுதிய ஒரு நோட்டு வீட்டில் இருக்கிறது, தெலுங்குப் பாட்டெல்லாம் தமிழ் எழுத்தில். சில அச்சுப் புத்தகத்தில் எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று எண் போட்டு உச்சரிப்பைக் காட்டுவார்கள், அப்பாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இந்தக் கீர்த்தனையில் கடைசிக்கு முந்தைய சரணத்தில் ‘தெப்பலகு’ என்று எழுதியிருந்தார். நாற்பது வருஷம் நான் அதைத் தெப்போற்சவம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். திட்டிக்கொண்டிருந்த மனிதர் திடீரென்று ஏன் தெப்பத்துக்குப் போகிறார் என்று புரியாமல் அந்தச் சரணத்தையே விட்டுவிடுவோம். எங்கள் வீட்டில் எல்லோருமே.

போன தை மாதம் நானும் வீட்டுக்காரியும் பத்ராசலம் போனோம். பத்ராசலம் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, கோயில் எங்கே என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன். அவர் சிரித்தார். ஸ்டேஷன் இருப்பது கொத்தகூடெத்தில், கோயிலுக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர். இவ்வளவு வருஷம் தெலங்கானாவில் இருந்து இது தெரியாதா என்று வீட்டுக்காரி பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. ராமதாசர் பாடினாரே, உனக்குப் பேச்சே பொன்னாகிவிட்டதா என்று, அதே நிலைமை எனக்கு. தரிசனம் முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்தோம். தூணோரம் எண்பது வயது இருக்கும், ஒரு பாட்டி, காலை நீட்டிக்கொண்டு, மடியில் புளியோதரைப் பொட்டலம், இதே கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சும்மா இருக்க முடியுமா? சேர்ந்து பாடினேன். எவன் அப்பன் சொத்து வரை வந்ததும் பழக்க தோஷத்தில் நிறுத்தி எழுந்துவிட்டேன். பாட்டி என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். “என்ன நாயனா, ராமனைத் திட்டிவிட்டு எழுந்து போகிறாயே, மன்னிப்பு யார் கேட்பார்கள்?”

அது தெப்பம் இல்லை, தெ³ப்³ப³, அடி! அப்பனை இழுத்துத் திட்டினேன் என்று வருத்தப்படாதே ராமா, இந்த அடி தாங்காமல்தான் திட்டிவிட்டேன். இதுதான் அந்தச் சரணம். நாற்பது வருஷமாக நாங்கள் திட்டை மட்டும் பாடிவிட்டு மன்னிப்பைத் தெப்பத்தில் விட்டிருக்கிறோம். அப்போதுதான் வீட்டுக்காரி சிரித்தாள், பேச்சும் வந்தது.

திருவையாற்றில் தியாகராஜரும் ராமதாசரை விடவில்லை. தீரன் ராமதாசனின் சிறையைத் தீர்த்தாயாமே, கேட்டிருக்கிறேன் என்று தேவகாந்தாரியில் ராமரிடமே சொல்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்து பஜனையிலும் ராமதாசர் கீர்த்தனைகளுக்குத் தனி இடம். அப்படித்தான் அப்பா நோட்டுக்கும் வந்திருக்க வேண்டும்.

சரி, நான் இங்கே வந்த விஷயம். நம் வீட்டுப் பேரன் பேத்திகள் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிக்கிறார்கள். எழுத்துக்கூட்டி இல்லை, சரளமாக. பாட மாட்டார்கள். நாம் பாடுவோம், படிக்கத் தெரியாது. இரண்டு பேரையும் ஒரு பாயில் உட்கார வைத்தால் என்ன? சனிக்கிழமை சாயங்காலம் ஆறு முதல் ஏழரை வரை இந்த ஹாலைக் கொடுங்கள். பிள்ளை தெலுங்குப் புத்தகத்தைப் பார்த்து வரியை வாசிக்கட்டும், பெரியவர் பாடட்டும், தப்பு வந்தால் பிள்ளை நிறுத்தட்டும். மைக் வேண்டாம். கீபோர்டு டிராக் போட்டுக்கொண்டு பாடுகிறதும் வேண்டாம், அது நம் மூச்சுக்கு நிற்காது.

இதை மூன்று பொதுக்குழுவில் கேட்டுவிட்டேன். சனிக்கிழமை ரிசப்ஷனுக்குப் போகிறது, வாடகை வருகிறது என்கிறார்கள். வாடகை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கூரை ஒழுகியபோது தலைக்கு இவ்வளவு என்று போட்டது யார்? என் தம்பி கொடுத்தாரா, நீதிபதி ஐயாவின் மாமனார் அனுப்பினாரா? எல்லோரும்தான் கொடுத்தோம். நாலாவது பொதுக்குழுவிலும் கேட்பேன். அழுத பிள்ளை பால் குடிக்கும், அம்மா சொன்னது தப்பாகாது.

ராகத்தைப் பற்றிப் பேச நேரம் இல்லை, செயலாளர் மணியைப் பார்க்கிறார். பொருளாளர் முகமும் வாடியிருக்கிறது, அவரைக் கொஞ்சம் அதிகமாகவே சீண்டிவிட்டேன். மைக்கை நிறுத்தச் சொல்லுங்கள். மூன்றாவது வரிசையில் தெலுங்குப் புத்தகத்தோடு இருக்கிற குட்டி, இங்கே மேலே வா கண்ணு. அந்த மன்னிப்புச் சரணத்தை வாசி, நாங்கள் பாடுகிறோம்.