மாலை கழற்றிய பிறகும்

வணக்கம் நேயர்களே. சிகரட்டை விடுவதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். புகைத்தல் கூடாது என்று சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. அதைச் சிகரட் பெட்டியிலேயே படம் போட்டு அச்சடித்திருக்கிறது. விட்ட பிறகு, விட்டபடியே இருப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. நான் நெஞ்சுநோய்க் கிளினிக்கில் பல வருடம் தாதியாக வேலை செய்தவள். அங்கே வருகிற புகைப்பவர்களில், ஒரு தடவையாவது விட்டுப் பார்க்காதவர் அரிது. விட்டிருப்பார்கள், பிறகு எங்கேயோ ஒரு இடத்தில் திரும்பத் தொடங்கியிருப்பார்கள்.

கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். நாளுக்கு ஒரு பெட்டி முடிக்கிறவர்கூட, மாலை கழுத்தில் ஏறிய நேரத்திலிருந்து ஒன்றையும் தொடமாட்டார். நேற்று பத்து, இன்று எட்டு, நாளை ஆறு என்று குறைக்கிற பேச்சே கிடையாது. மன்னார், மடுப் பக்கத்தில் தவக்காலத்துக்கு விடுகிறவர்களும் அப்படித்தான், ஒரேயடியாக நிறுத்துவார்கள். இப்படி 40 நாள், அதற்கு மேலும், ஒரு புகை இல்லாமல் இருந்துவிட்டு, மாலை கழற்றிய அன்று பின்னேரமே கடை வாசலில் நிற்பார்கள்.

புகையிலையில் இருக்கிற, உடம்பைப் பழக்கிவிடுகிற பொருளான நிக்கொட்டின் இல்லாமல் உடம்பு படுகிற பாடு, விட்ட முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்தில் இருக்கும். எரிச்சல் வரும், தலை இடிக்கும், நித்திரை கெடும், ஒரு வேலையிலும் மனம் நிற்காது. அதன் பிறகு இறங்கிக்கொண்டே போய், மூன்று நான்கு கிழமைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால், மாலை கழற்றுகிற அன்று அந்த மனிதர் கஷ்டமான பகுதியை எப்போதோ கடந்துவிட்டார். உடம்பு அவரிடம் சிகரட் கேட்கவே இல்லை. இன்ன தேதி வரைக்கும்தான் என்று முதலே மனதில் முடிவு செய்து வைத்திருந்தார், அந்தத் தேதி வந்துவிட்டது. அவ்வளவுதான். சிகரட்டை எப்படி விடுவது என்பது எங்கள் ஆட்களுக்கு நன்றாகவே தெரியும் என்று நான் துணிந்து சொல்வதற்கு இதுதான் காரணம். தேதி வைக்காமல் விடுவதைத்தான் இனிப் பழக வேண்டும்.

ஒரேயடியாக நிறுத்துவது நல்லதா, படிப்படியாகக் குறைப்பது நல்லதா என்று கிளினிக்கில் அடிக்கடி கேட்பார்கள். இங்கிலாந்தில் ஏறக்குறைய 700 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2016இல் வெளிவந்தது. நான்கு கிழமை முடிவில், ஒரேயடியாக விட்டவர்களில் 100க்கு 49 பேர் விட்டபடியே இருந்தார்கள். படிப்படியாகக் குறைத்து விட்டவர்களில் 39 பேர். ஆகவே எங்கள் மாலைக்காரர்களின் முறை நல்ல முறைதான்.

சரி, இனிக் கொஞ்சம் கனமான விஷயம். வன்னியில் ஒரு ஆண் வாய் திறந்து, "பிள்ளை, இது மட்டும்தான் எனக்கு ஆறுதல்" என்று சொன்னால், அதை உடனே மறுத்துப் பேச எனக்கு மனம் வராது. போர்க்காலத்தில் பங்கருக்குள் பழகினவர்கள் இருக்கிறார்கள். 2009இல் எல்லாவற்றையும் இழந்து முகாமுக்குள் வந்த பிறகு தொடங்கினவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் கையில் வேறு என்ன இருந்தது? ஆனால் அந்த ஆறுதல் எப்படி வருகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லாமல் இருப்பதும் சரியில்லை. இழுத்த சில விநாடிகளில் நிக்கொட்டின் மூளைக்குப் போய்விடும். அடுத்த இரண்டு மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் அது பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறையப் பதற்றம் ஏறும், கை பெட்டியைத் தேடும். அடுத்ததைப் பத்தினதும் அடங்குவது அந்தப் பதற்றம்தான். உள்ளே இருக்கிற துக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சிகரட்டை விட்டால் மனம் இன்னும் குழம்பும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரையின்படி, விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. ஏற்கெனவே மனநோய் இருக்கிறவர்களிடமும் அப்படித்தான் இருந்தது. மனநோய்க்கு எடுக்கிற மருந்துகளில் சிலவற்றின் அளவை மட்டும், சிகரட்டை விடும்போது வைத்தியர் மாற்ற வேண்டி வரலாம். ஆகவே அவரிடம் முதலே சொல்லிவிட்டு விடுங்கள். துக்கத்துக்கு மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் ஒரு வெட்கமும் இல்லை.

இனி, விட்டவர் திரும்ப விழுகிற இடங்கள். என் கணக்கில் முதலாவது செத்தவீடு. பந்தலுக்குள் ஒரு தட்டம் சுற்றி வரும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஓரத்தில் சுருட்டு, பீடி, பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிய சிகரட். இரவிரவாக விழித்திருக்கிறவர்கள் கடதாசி விளையாடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் தட்டத்தை நீட்டுவார், வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு போல இருக்கும். இரண்டு வருடம் விட்டிருந்தவர் தன் சொந்தத் தகப்பனின் செத்தவீட்டில் திரும்பத் தொடங்கியதை நான் கேட்டிருக்கிறேன். நுரையீரல் புற்றுநோயோ மாரடைப்போ கொண்டுபோன ஒருவரின் வீட்டில் அந்தத் தட்டத்தில் சிகரட்டை வைப்பது எனக்குத் தாங்க முடியாத விஷயம். வீட்டுக்காரரே, வெற்றிலையோடு நிறுத்துங்கள். ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். விட்டவர்களே, தட்டம் வருவதற்கு முதலே எழுந்து தேத்தண்ணி கொடுக்கவோ கதிரை அடுக்கவோ போங்கள். ஆசை எழும்பினால் அது நிற்பது ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடம். அந்த நேரத்துக்குக் கைக்கு வேலை இருந்தால் போதும்.

அடுத்தது கடை. எங்கள் கடைகளில் ஒற்றைச் சிகரட் வாங்கலாம், லைட்டர் நூலில் கட்டித் தொங்கும். பெட்டி வாங்க வேண்டுமென்றால் ஒருவர் இரண்டு தரம் யோசிப்பார், ஒன்று வாங்க யோசிக்கமாட்டார். யாழ்ப்பாணப் பக்கத்திலும் தெற்கிலும் சில ஊர்களில் கடைக்காரர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களோடு பேசி, விற்பனையையே நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் கடைக்காரரும் யோசிக்கலாம். குறைந்தது 21 வயதாகாதவருக்குக் கொடுக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. அப்பாவுக்கு என்று கேட்டு வருகிற சின்னப் பிள்ளையின் கையிலும் கொடுக்காதீர்கள்.

யானைக் காவலுக்குப் பரணில் இருக்கிறவர்கள், இரவில் கடலுக்குப் போகிறவர்கள், நித்திரை முறிக்கப் பத்துகிறோம் என்பார்கள். அதற்குப் பதிலாகத் தேத்தண்ணியைக் கூட்டினால் ஒரு சிக்கல் இருக்கிறது. சிகரட் புகை, தேயிலையில் உள்ள கஃபீனை ஈரல் வேகமாக உடைக்கும்படி செய்கிறது. புகை நின்றால் அதே தேத்தண்ணி உடம்பில் கூடுதல் நேரம் நிற்கும். விட்ட பிறகு நெஞ்சு படபடக்கிறது, நித்திரை இல்லை என்று வருகிறவர்களில் சிலருக்கு, தேத்தண்ணியைப் பாதியாகக் குறைத்தாலே சரியாகிவிடும். சிலருக்கு முதல் கிழமைகளில் இருமல் கூடும். சுவாசக் குழாய் தன்னைத் துப்புரவாக்கத் தொடங்குகிறது. ஆனால் இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்க வாருங்கள், காசநோய் புகைப்பவர்களுக்குக் கூடுதலாக வரும். உடம்பு கொஞ்சம் வைக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

"எனக்கு அறுபது, இனி விட்டு என்ன" என்று கேட்கிற ஐயாமாருக்கும் சுருட்டு பத்துகிற ஆச்சிமாருக்கும்: பிரிட்டனில் வைத்தியர்களையே 1951 முதல் 50 வருடம் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு உண்டு. 60 வயதில் சிகரட்டை விட்டவருக்கும் ஏறத்தாழ 3 வருட ஆயுள் கூடக் கிடைத்தது. 50இல் விட்டவருக்கு 6, 40இல் 9, 30இல் 10.

எங்கேயாவது தடுமாறி ஒன்று பத்திவிட்டீர்களா? எல்லாம் போய்விட்டது என்று பெட்டி வாங்கப் போகாதீர்கள். மிச்சத்தை அந்த இடத்திலேயே நசுக்கிவிட்டு, எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது நடந்தது என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். மனைவிமாரே, அவர் வந்து சொன்னால் ஏசாதீர்கள். ஏச்சு வாங்கினவர் அடுத்த தடவை ஒளித்துப் பத்துவார். விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகார சபையின் 1948 இலக்கத்துக்கு அழைக்கலாம். அல்லது பக்கத்து வைத்தியசாலைக்கு வந்து, ஆசையை அடக்க மெல்லுகிற நிக்கொட்டின் கம் போன்றவை கிடைக்குமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். வரும்போது விட்டவரைத் தனியாக அனுப்பாமல், வீட்டில் ஒருவரும் கூட வாருங்கள். நன்றி, வணக்கம்.