உரலில் நின்றுபோன சாமை

நேயர்களுக்கு வணக்கம். விளைகிற காட்டிலிருந்து சாப்பிடுகிற தட்டு வரைக்கும் உணவு எந்த வழியாக வருகிறது, அந்த வழி நிலைக்க என்ன செய்ய வேண்டும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் உங்களுக்குக் கொட்டாவிதான் வரும். அதனால் கொல்லிமலைச் சாமையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் கொல்லிமலை. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு என்று தலைமுறை தலைமுறையாக விளைவித்துச் சாப்பிட்டவர்கள் அந்த மலை மக்கள். அப்புறம் மரவள்ளி வந்து காட்டைப் பிடித்துக்கொண்டது. “சிறுதானியத்தின் அருமை அவர்களுக்கே தெரியவில்லை” என்று டவுனில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ரேஷன் அரிசி வந்ததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் உரலையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சாமை கடுகளவு மணி. மேலே வழவழவென்று கெட்டியான உமி. உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை ஒதுக்கித் திரும்பவும் குத்த வேண்டும். ஓங்கிக் குத்தினால் நொய்யாகிவிடும், அமர்த்திக் குத்தினால் உமி அப்படியே இருக்கும். காட்டு வேலை முடித்து வருகிற பெண்தான் ராத்திரிச் சோற்றுக்கு இதையும் செய்ய வேண்டும். கேழ்வரகுக்கு இந்தத் தொல்லை இல்லை. கதிரடித்துத் தூற்றினால் மணி தனியாக வந்துவிடும், நேரே திரிகைக்கோ மாவு மில்லுக்கோ போகலாம். களி இன்றைக்கும் நிற்கிறது, சாமைச்சோறு மறைந்துவிட்டது என்றால் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு.

மரவள்ளிக்குக் குத்தலும் இல்லை, புடைத்தலும் இல்லை. பிடுங்கி லாரியில் ஏற்றினால் கீழே சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது, கையில் காசு வருகிறது. யார்தான் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்?

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே வேலை செய்திருக்கிறது. பழைய விதை ரகங்களைக் காப்பாற்றியது பெரிய காரியம். ஆனாலும், உமி நீக்கும் மெஷினை மலைமேலேயே வைத்து அதைச் சுய உதவிக் குழுக்கள் கையில் கொடுத்ததைத்தான் நான் முதலில் சொல்வேன். 100 கிலோ சாமையை அரைத்தால் 60, 70 கிலோ அரிசி கிடைக்கும். மீதி உமியையும் தவிட்டையும் வாடகை கொடுத்து மலையிறக்க வேண்டியதில்லை. தவிடு அங்கேயே மாட்டுக்கு ஆகும். அரிசியாக்கி விற்கிற லாபமும் மேலேயே தங்கும்.

மெஷின் வைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நெல் மில்லில் சாமையை ஓட்ட முடியாது, மணி பொடிசு. களத்தில் அடித்த தானியத்தில் அதே பொடிசான கல்லும் கலந்து வரும், அதைப் பிரிக்கத் தனி மெஷின் வேண்டும். அறுவடை முடிந்த சில மாதத்துக்குத்தான் வரத்து, மற்ற நாளில் மில் சும்மா கிடக்கும். சல்லடையை மாற்றித் தினை, பனிவரகு என்று எது வந்தாலும் ஓட்டத் தெரிந்தால்தான் ஓட்டுகிறவருக்குக் கட்டுபடியாகும்.

ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்லதுதான். ஆனால் பாருங்கள், அங்கேயும் முந்திக்கொண்டது கேழ்வரகுதான். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, கேழ்வரகு இருக்கின்றன. சாமையும் தினையும் இல்லை. விலை விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாத பயிரை எத்தனை பேர் துணிந்து விதைப்பார்கள்?

நம் பக்கமும் ஒரு கோளாறு உண்டு. கடையில் வெள்ளை வெளேரென்று இருக்கிற சாமையைத்தான் கை தேடுகிறது. தவிட்டோடு இருந்தால் அதிலுள்ள எண்ணெய் நாளாக ஆக காறல் வாடை அடிக்கும், அதனால் கடைக்காரரும் தீட்டியதையே கேட்கிறார். நார்ச்சத்து தவிட்டோடு போய்விடுகிறது. உமியோடு வைத்தால் சாமை வருடக்கணக்கில் கெடாது. அப்படியே இருப்பு வைத்து, ஆர்டர் வர வர அரைத்து அனுப்புகிறவர்களிடம் வாங்குங்கள். பாக்கெட்டில் அரைத்த தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், நிறம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பரவாயில்லை. அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு தம்ளருக்கு இரண்டரை தம்ளர் தண்ணீர் வைத்தால் போதும், குழையாமல் வேகும். வணக்கம்.