ஆஸ்திரேலியா டூர்: ஊரை அப்புறம் பாக்கலாம், முதல்ல மாசத்தைப் பாருங்க

வணக்கம் மக்களே. கையில பத்து நாள் இருக்கு, சிட்னி, மெல்பர்ன், பவளப்பாறை, நடுவுல நிக்கிற அந்தச் செவப்பு மலை, எல்லாத்தையும் எப்படி முடிக்கிறதுன்னு கேக்கறவங்களுக்குத்தான் இந்த வீடியோ. முடிக்க முடியாது. இந்தியா மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல பெருசு அந்த நாடு, கிட்டத்தட்ட 77 லட்சம் சதுர கிலோமீட்டர். சிட்னில ஏறினா பெர்த்ல இறங்க அஞ்சு மணி நேரம் ஃப்ளைட். பத்து நாள்ல நாலு மூலையையும் தொட்டா நீங்க அதிகமா பாக்கறது ஏர்போர்ட்டாத்தான் இருக்கும்.

அதனால லிஸ்ட் போடறதை விடுங்க. எந்த மாசம் போறீங்கன்னு சொல்லுங்க, எங்க போகணும்னு அதுவே முடிவாயிடும்.

தெற்குப் பக்கம், அதாவது சிட்னி, மெல்பர்ன், டாஸ்மேனியா, அங்க டிசம்பர்ல வெயில், ஜூலையில குளிர். இது பாதிப் பேருக்குத் தெரியும். வடக்குப் பக்கக் கணக்கே வேற. டார்வின், கெய்ர்ன்ஸ் பக்கம் ரெண்டே பருவம். நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் மழை, புயல், புழுக்கம். மே லேர்ந்து அக்டோபர் வரைக்கும் வறண்ட காலம், அதுதான் சீசன். ஸ்கூல் லீவுன்னு டிசம்பர்ல குடும்பத்தோட டார்வின் போனா, பாதி இடத்துல ‘ரோடு மூடியிருக்கு’ன்னு போர்டுதான் இருக்கும்.

சரி, டிசம்பர் லீவுதான் கிடைக்குதுன்னா தெற்கோட நிறுத்திக்கோங்க. அதுல முதல் இடம் கிரேட் ஓஷன் ரோடு. டார்க்கீ லேர்ந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரைக்கும் 243 கிலோமீட்டர். முதல் உலகப் போர்லேர்ந்து திரும்பி வந்த சிப்பாய்ங்க 1919 லேர்ந்து 1932 வரைக்கும் வெட்டின ரோடு இது. மெல்பர்ன்லேர்ந்து மேற்கே பார்த்து ஓட்டுங்க. அங்கயும் நம்ம மாதிரி இடது பக்கம்தான் ஓட்டுவாங்க, அதனால போகும்போது கடல் உங்க பக்கத்துலயே இருக்கும், வியூபாயிண்ட்ல நிறுத்த ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டியதில்ல. எதிர்ப்பக்கமா வந்தா ஒவ்வொரு தடவையும் வண்டிங்களுக்கு நடுவுல வலது பக்கம் திரும்பணும்.

பன்னிரண்டு அப்போஸ்தலர்னு பேர் வச்சிருக்கற சுண்ணாம்புப் பாறைத் தூண்கள்தான் அங்க நட்சத்திரம். எண்ணிப் பாத்துட்டு ஏமாறாதீங்க, எப்பவுமே பன்னிரண்டு இருந்ததில்ல. 2005 ஜூலையில ஒண்ணு அப்படியே சரிஞ்சு விழுந்துடுச்சு. அடிவாரத்தை அலை அரிச்சுக்கிட்டே இருக்கு, சுண்ணாம்புக்கல் மிருதுவானது, வேற வழியில்ல. பக்கத்துல லண்டன் பிரிட்ஜ்னு ஒரு பாறைப் பாலம் இருந்துச்சு. 1990 ஜனவரியில நடுப்பகுதி இடிஞ்சு, அந்தப் பக்கம் நின்ன ரெண்டு பேரை ஹெலிகாப்டர்லதான் மீட்டாங்க. அதனால வேலியைத் தாண்டி செல்ஃபி வேணாம்.

இதை ஒரே நாள்ல போய்ட்டு வரவங்கதான் ஜாஸ்தி. கடலோரமாப் போய் கோலாக் வழியா உள்நாட்டு ஹைவேல திரும்பினாக்கூட பன்னிரண்டு மணி நேரம் ஆயிடும், கடைசி மூணு மணி நேரம் இருட்டுல, தூக்கக் கலக்கத்துல. அப்பல்லோ பே, இல்ல போர்ட் கேம்பெல்ல ஒரு ராத்திரி தங்குங்க. டூர் பஸ் கூட்டம் மத்தியானத்துக்கு மேல வந்துட்டு சாயந்திரம் கிளம்பிடும். பாறை மேல நல்ல வெளிச்சம் விழறது அதுக்கு அப்புறம்தான்.

சிட்னிக்கு ரெண்டு நாள், மூணாவது நாள் ப்ளூ மவுண்டன்ஸ். சென்ட்ரல் ஸ்டேஷன்லேர்ந்து கட்டூம்பாவுக்கு ரெண்டு மணி நேர ரயில், டூர் பேக்கேஜ் எதுக்கு? டாஸ்மேனியா போனா கிரேடில் மவுண்டன்ல டவ் லேக்கைச் சுத்தி 6 கிலோமீட்டர் நடை, ரெண்டு ரெண்டரை மணி நேரம். கார் ஏரி வரைக்கும் போகாது, விசிட்டர் சென்டர்லயே விட்டுட்டு ஷட்டில் பஸ். நடு டிசம்பர்லகூட அங்க பனி விழும், மழைக்கோட்டும் ஒரு கம்பளி ஸ்வெட்டரும் கையிலயே இருக்கணும்.

இப்ப கோடை லீவுக்கு வருவோம். மே மாசம் கிடைச்சா நான் நேரா உலுருன்னுதான் சொல்லுவேன், முதல்ல சொன்ன அந்தச் செவப்பு மலை. டிசம்பர், ஜனவரியில அங்க 40 டிகிரியைத் தாண்டும். மே லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் பகல் இதமா இருக்கும். ஆனா ஜூன், ஜூலையில ராத்திரி பூஜ்யத்துக்கும் கீழ போகும், பாலைவனம்னு ஸ்வெட்டர் இல்லாமப் போய் நடுங்காதீங்க.

உலுரு 348 மீட்டர் உயரம். மேல ஏற முடியாது. அது அனங்குங்கற அங்கத்துப் பழங்குடி மக்களோட புனித இடம், 2019 அக்டோபர் 26 லேர்ந்து ஏறத் தடை. அதனால ஒண்ணும் குறைஞ்சு போயிடல. சுத்தி நடக்கறதுதான் அங்க விசேஷம். மொத்தம் 10.6 கிலோமீட்டர், முழுக்க சமதரை, மூணரை மணி நேரம். தூரத்துலேர்ந்து வழவழன்னு ஒரே கல்லாத் தெரியறது, கிட்டப் போனா செதில் செதிலா உரியுது. அந்தச் செவப்பு, கல்லுல இருக்கற இரும்பு துருப்பிடிச்ச நிறம். துரு படாத உள்பக்கம் சாம்பல் கலர், குகை மாதிரி குடைஞ்ச இடங்கள்ல அதைப் பாக்கலாம். மேலேர்ந்து கறுப்புக் கோடு கோடா இறங்குதே, அதெல்லாம் மழை பேஞ்சா அருவி விழற தடம்.

விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு, வெயில் நாள்னா பதினோரு மணிக்குள்ள முடிச்சுடுங்க. தண்ணி, ஒரு ஆளுக்கு மணிக்கு ஒரு லிட்டர். மூணரை மணி நேர நடைக்கு நாலு லிட்டர் தூக்கிக்கிட்டுத்தான் போகணும், சுத்தி வர்ற பாதை முழுக்க குழாய் வச்சிருக்க மாட்டாங்க. சில இடத்துல போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கும், அதை மதிங்க. ட்ரோன் கூடவே கூடாது. அப்புறம் ஈ. மூக்கு, கண்ணு, வாய்னு மொய்க்கும். தலைக்கு மேல போட்டுக்கற வலை ஒண்ணு சில டாலருக்குக் கிடைக்கும், பாக்கத் தமாஷா இருந்தாலும் வாங்கிக்கோங்க.

உலுரு பாக்க வர்றவங்க தங்கற ஊர் யுலாரா, அங்கேர்ந்து 50 கிலோமீட்டர்ல கட்டா ஜுட்டா, 36 மொட்டைக் குன்றுகள். என்னைக் கேட்டா உலுருவை விட இங்க நடக்கறதுதான் அருமை. வேலி ஆஃப் தி விண்ட்ஸ் பாதை 7.4 கிலோமீட்டர், கரடுமுரடு. அன்னிக்கு 36 டிகிரிக்கு மேல போகும்னு வானிலை அறிக்கை சொன்னா, காலைல பதினோரு மணிக்கே ‘கரு’ங்கற வியூபாயிண்ட்டுக்கு அப்பால் மூடிடுவாங்க. அதனால உலுரு ஒரு காலை, இது ஒரு காலை. ஒரே நாள்ல ரெண்டையும் அடைச்சா ரெண்டாவது நடை நடக்காது.

தங்கறதுக்குப் பக்கத்துல யுலாரா மட்டும்தான், பார்க்குக்குள்ள தங்க முடியாது. ரூம் சீக்கிரம் தீர்ந்துடும், ஃப்ளைட்டுக்கு முன்னாடி ரூமைப் போடுங்க. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல இறங்கினா ‘பக்கத்துலதானே’ன்னு நினைக்கறாங்க. 450 கிலோமீட்டர் சாமி!

பவளப்பாறைக்கு வருவோம். கிரேட் பேரியர் ரீஃப் 2,300 கிலோமீட்டர் நீளம், அதுல கெய்ர்ன்ஸ் ஒரு வாசல், அவ்வளவுதான். வெளி ரீஃப்புக்குப் படகுல ஒண்ணரை மணி நேரம். நிறைய பேர் அந்த ஒண்ணரை மணி நேரத்துலயே வாந்தி எடுத்து, தண்ணில இறங்காமத் திரும்பறாங்க. காரணம் காற்று. ஏப்ரல்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்கிழக்குக் காற்று பலமா அடிக்கும், செப்டம்பர்லேர்ந்து நவம்பர்தான் கடல் அடங்கற நேரம். வாந்தி மாத்திரையைப் படகு கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், குமட்ட ஆரம்பிச்ச அப்புறம் போட்டா அது வயித்துலயே நிக்காது. கீழ்த்தளத்துல பின்பக்கமா உக்காந்து தொடுவானத்தைப் பாருங்க, போனைப் பாக்காதீங்க.

நவம்பர்லேர்ந்து மே வரைக்கும் ஜெல்லிமீன் காலம். உடம்பு முழுக்க மூடற மெல்லிசு சூட் படகுலயே தருவாங்க, கண்டிப்பாப் போடணும். கரையில வலை கட்டின இடத்துலகூட இருகாஞ்சின்னு நகக்கண் அளவு ஒண்ணு உள்ள புகுந்துடும். கொட்டினா முதல்ல வினிகர் ஊத்தணும், அதுக்காகவே பீச்ல பாட்டில் தொங்கவிட்டிருப்பாங்க, அப்புறம் அங்கத்து அவசர நம்பர் 000-க்கு போன். டைவிங் பண்ணப் போறீங்கன்னா, ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தா டாக்டர் சர்டிபிகேட்டை ஊர்லயே வாங்கிக்கோங்க. டைவிங் முடிஞ்சு ஃப்ளைட் ஏற 24 மணி நேரம் விடறது நல்லது, அதனால ரீஃப்பைக் கடைசி நாள்ல வைக்காதீங்க. போஸ்டர்ல இருக்கற கலரை எதிர்பார்க்கவும் வேணாம். கடல் சூடேறி 2016, 2017, 2020, 2022, 2024-ல பெரிய அளவுல பவளம் வெளுத்துச்சு. நல்ல பகுதி இன்னும் நிறைய இருக்கு, படகு எங்க போகுதுங்கறதைப் பொறுத்தது.

மே மாசம் போறவங்களுக்கும் படகுன்னாலே பயப்படறவங்களுக்கும் நான் சொல்றது மேற்குக் கரையில நிங்கலூ. அங்க பவளம் கரையை ஒட்டியே ஆரம்பிக்குது. பெர்த்லேர்ந்து 1,200 கிலோமீட்டருக்கு மேல, அதனால லியர்மன்த் வரைக்கும் ஃப்ளைட், அங்க கார். டர்க்வாய்ஸ் பேல தெற்குப் பக்கமா மணல்ல நடந்து போய்த் தண்ணில இறங்கினா, நீரோட்டமே உங்களை வடக்கே பவளத்து மேல தள்ளிக்கிட்டுப் போகும், நீந்தவே வேணாம். ஆனா மணல்திட்டு முனை வர்றதுக்கு முன்னாடி கரையேறிடணும். அந்த முனையைத் தாண்டினா ரீஃப்ல ஒரு இடைவெளி, தண்ணி அது வழியா வெளிக்கடலுக்கு இழுக்கும். மார்ச்லேர்ந்து ஜூலை வரைக்கும் இங்க திமிங்கலச் சுறாவோட நீந்தலாம்.

அடுத்து வடக்கே டார்வின் பக்கம் இருக்கற காக்கடு தேசியப் பூங்கா, ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும். கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர், உபிர்ங்கற இடத்துல ஆயிரக்கணக்கான வருஷப் பாறை ஓவியங்கள், ஜிம் ஜிம் அருவிக்கு ஃபோர் வீல் டிரைவ் மட்டும். ஆத்தோரம் போர்டு இல்லைன்னாலும் முதலை இருக்குன்னே வச்சுக்கோங்க.

அப்புறம் கிழக்குக் கரையில ‘கரி’ன்னு (K'gari) ஒரு தீவு. முன்னாடி ஃப்ரேசர் தீவுன்னு சொல்லுவாங்க. உலகத்துலயே பெரிய மணல் தீவு, 120 கிலோமீட்டருக்கு மேல நீளம். அங்க தார் ரோடே இல்ல, பீச்சுதான் ஹைவே. நிஜமான ஃபோர் வீல் டிரைவ் வேணும், ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி அடி தட்டிடும். வண்டிக்கு பர்மிட் முன்னாடியே ஆன்லைன்ல எடுக்கணும். இறங்கினதும் டயர் காத்தை 18, 20 பிஎஸ்ஐக்கு இறக்குங்க, டயர் அகலமாகி மணல் மேல மிதக்கும். புதைஞ்சுட்டா ஆக்சிலரேட்டரை மிதிக்காதீங்க, சக்கரம் இன்னும் குழி தோண்டும். சக்கரத்துக்கு முன்னாடி பின்னாடி மணலை அள்ளிட்டு, இன்னும் கொஞ்சம் காத்து இறக்கி, வந்த தடத்துலயே ரிவர்ஸ் எடுங்க. தார் ரோட்டுக்குத் திரும்பினதும் மறுபடி காத்து அடிக்கணும், இல்லைன்னா டயர் சூடாகி வெடிக்கும்.

நேரத்தை அலைதான் முடிவு பண்ணும். உச்ச அலைக்கு முன்னாடி ரெண்டு மணி, பின்னாடி ரெண்டு மணி பீச்ல ஓட்டவே கூடாது. ஓடைங்க பீச்சைக் குறுக்கே அறுத்து ஒரு முழம் பள்ளம் போட்டிருக்கும், 80-ல வந்தா தெரியாது, சஸ்பென்ஷன் போயிடும். மேலேயும் ஒரு கண் வைங்க, அந்த பீச்ல சின்ன விமானம் இறங்கும். டிங்கோ நாய்ங்க இருக்கு, குழந்தைங்க கை எட்டற தூரத்துலயே இருக்கணும்.

பொதுவா கார் விஷயம். ஊருக்கு வெளிய இருட்டினதும் ஓட்டாதீங்க. கங்காரு குறுக்கே வர்றது பொழுது சாயற நேரத்துலயும் விடியற நேரத்துலயும்தான். பல வாடகை ஒப்பந்தத்துல ராத்திரி மிருகத்து மேல மோதினாலும், மண் ரோட்டுல அடிபட்டாலும் இன்ஷூரன்ஸ் கிடையாது, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு வரியைத் தேடிப் படிங்க. உள்நாட்டுல சிக்னல் இருக்காது, மேப்பை டவுன்லோட் பண்ணிக்கோங்க, பாதி டேங்க் ஆனதும் அடுத்த பங்க்ல நிரப்புங்க.

கடைசியா பெட்டி. கருவேப்பிலை, மாங்கா, விதை, பால்கோவா எதுவும் உள்ள போகாது. மத்த சாப்பாட்டுப் பொருள், மரச் சாமான், மண் ஒட்டின ட்ரெக்கிங் ஷூ, எது இருந்தாலும் ஃபாரத்துல ‘ஆம்’னு டிக் பண்ணிடுங்க. சொன்னா மிஞ்சிப் போனா குப்பையில போடுவாங்க. சொல்லாம மாட்டினா அபராதம், சில சமயம் விசாவே ரத்தாகும்.